நடந்தே எட்டும் ஊர்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, நீங்கள் சோளக்காட்டில் பேருந்தைவிட்டு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். சந்தை, தேநீர்க்கடை, வீடு எல்லாம் அருகருகே இருப்பதைக் காண்பீர்கள். மலைச்சாலை வரும் முன்பு மக்கள் சுமையுடன் ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கினார்கள். கால்தான் அன்று தூரத்தை அளக்கும் கோல். முன்புறம் கடை, பின்புறம் வீடு என்பது நம் ஊர்களின் பழைய வழக்கமும் ஆகும்.

இப்படிக் கலந்து வாழ்வது சரியா? இக்கேள்வி எழுந்ததற்குத் தக்க காரணம் உண்டு. ஐரோப்பிய நகரங்களில் ஆலைப் புகை வீடுகளுக்குள் புகுந்தது. ஆகவே ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரம் 1891இல் நிலத்தை மண்டலங்களாகப் பிரித்தது. நியூயார்க் 1916இல் அவ்வாறே செய்தது. ஆனால் பின்னர் பல நகரங்களில், ஆலையை விலக்கப் பிறந்த விதி மளிகைக் கடையையும் வீட்டிலிருந்து விலக்கிவிட்டது. உப்பு வாங்கவும் வண்டி தேவையாயிற்று!

இதற்கிடையே 1914இல் பாட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் இந்தியா வந்தார். அவர் தாவரவியல் பேராசிரியர். ஊரையும் ஓர் உயிராகவே கருதினார். தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். நெரிசலைத் தீர்க்க, வீடுகளை வரிசையாக இடித்து நேர்த்தெரு போடுவதே அன்றைய வழக்கம். கெட்டிஸோ, சிதைந்த சில வீடுகளை மட்டும் நீக்கிக் காற்றுக்கும் மரத்துக்கும் இடம் விட்டால் போதும் என்றார். நல்ல மருத்துவர் நோயுற்ற பகுதியை மட்டும் அகற்றுவது போன்றது இது. செலவும் குறைவு, குடிகளும் சிதறமாட்டார்கள்.

1920இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. 2008இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகர இரண்டாவது முழுமைத் திட்டத்தில் 'கலப்புக் குடியிருப்பு' என்றே ஒரு மண்டலம் உண்டு. வீட்டருகே கடை இருப்பது அங்கே குற்றமன்று.

இன்று கொல்லிமலைக்குச் சுற்றுலா வண்டிகள் திரளாக வருகின்றன. நாளை விரிவான விதிகள் தேவைப்படலாம். புகையும் கழிவும் விலக்கப்பட வேண்டியவையே. ஆனால் தலையில் கூடை சுமந்து சந்தைக்கு வரும் பெண்ணின் நடைவழியை அவ்விதி மறக்கலாகாது.

வாசகர்களே, உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்து பாருங்கள். பள்ளி, கடை, மருத்துவமனை, விளையாட்டுத்திடல் ஆகியவற்றில் எவை எட்டுகின்றன? ஒரு தாளில் குறித்துப் படம் வரையுங்கள். கெட்டிஸ் தம் பணியைத் தொடங்கியதும் இப்படி நடந்து பார்த்துத்தான்!