வரிசையை இழந்த ஹேஷ்

ஒரு கோப்பை வரி வரியாகப் படித்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தரும் சிறு நிரலைப் பெர்ல் மொழியில் எழுதியோர் ஒரு புதிரைச் சந்தித்திருப்பர். எண்ணிக்கை சரியாக இருக்கும். சொற்களின் வரிசையோ நிரல் ஓடும்தோறும் மாறும். இது பிழையன்று, தெரிந்தே செய்த ஏற்பாடு. அதன் பின்னே அறுபது ஆண்டுக் கதை இருக்கிறது.

1953 சனவரியில் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் ஓர் உள்குறிப்பு எழுதினார். சாவிச்சொல்லிலிருந்தே ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணுக்குரிய பெட்டியில் தரவை இடலாம். இரண்டு சாவிகள் ஒரே பெட்டிக்கு வந்தால் சங்கிலியாகக் கோக்கலாம் என்பது அவர் யோசனை. முழுப் பட்டியலையும் துழாவ வேண்டியதில்லை. அந்த வேகத்துக்குக் கொடுத்த விலைதான் வரிசை. அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் சொற்கள் இங்கே வெவ்வேறு மூலைகளில் கிடக்கும்.

1987இல் லாரி வால் பெர்லை வெளியிட்டபோது இந்த அமைப்பை மொழியின் உள்ளேயே வைத்தார். ஒரே சாவிகளை ஒரே முறையில் இட்டால், அன்றைய பெர்ல் ஒரே வரிசையையே திருப்பித் தந்தது. தற்செயலான அவ்வரிசையை வாக்குறுதியாக எண்ணிப் பலர் நிரல் எழுதினர்.

2003இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கிராஸ்பியும் டான் வாலக்கும் இதன் ஆபத்தை வெளிப்படுத்தினர். கணக்கிடும் முறை முன்கூட்டியே தெரிந்தால், எல்லாச் சாவிகளும் ஒரே பெட்டியில் விழும்படி பகைவன் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். நொடிகளில் முடியும் வேலை மணிக்கணக்கில் இழுக்கும். அதே ஆண்டு பெர்ல் 5.8.1 தற்போக்கு எண்ணைக் கலந்தது. முன்பே தொகுத்த கூறுகளோடு அது ஒத்துப்போகாததால், சங்கிலி அளவுமீறி நீண்டால் மட்டும் கலைப்பது என அடுத்த பதிப்பு பின்வாங்கியது. 2013 மே மாதம் வந்த 5.18 தயங்கவில்லை, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வேறு வரிசை. பல தொகுதிகளின் சோதனைகள் தோற்றன. பழியை மொழியின்மேல் போட்டவர்களும் உண்டு. ஆனால் வரிசைக்கு உறுதியில்லை என்பதை ஆவணம் முன்பே சொல்லியிருந்தது.

ஆய்வு முடிவை இன்னொருவர் சரிபார்க்க வேண்டுமெனில், அச்சிடுமுன் சாவிகளை வரிசைப்படுத்தியே ஆகவேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. பெர்லின் இயல்பான வரிசைப்படுத்தல் எழுத்துவழி ஒப்பிடுவதால் 10 என்பது 9க்கு முன் வரும். தமிழ்ச் சொற்களுக்கோ சிக்கல் இன்னும் நுட்பமானது: யுனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தே நிற்பதால், ‘மனம்’ ‘மரம்’ என்பதற்கு முன் வந்து நிற்கும். அகராதி முறை வேண்டுவோர் ஒப்பிடும் விதியைத் தனியே தர வேண்டும்.