மஞ்சள் பூச்சோடு ஒரு மல்லுக்கட்டு

வெளிச்சத்தில் சேதி அனுப்பும் யோசனை புதிதல்ல. 1880 ஜூன் 3 அன்று வாஷிங்டனில் ஒரு பள்ளிக்கூட மாடியில் நின்று சம்னர் டெயின்டர் பேசினார். 213 மீட்டர் தள்ளியிருந்த ஆய்வகத்தில் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் கேட்டார். இடையில் கம்பி கிடையாது, வெயில்தான். குரலுக்கு அதிர்ந்த மெல்லிய கண்ணாடி சூரிய ஒளியைத் திருப்பியனுப்ப, மறுமுனையில் செலினியம் அதை மறுபடி குரலாக்கியது. ஃபோட்டோஃபோன் என்ற இந்தக் கருவியைத் தொலைபேசியைவிட உசத்தியாக நினைத்தார் பெல். பிறந்த மகளுக்கே அந்தப் பெயரை வைக்க ஆசைப்பட்டாராம், மனைவி மறுத்துவிட்டார். பெண் பிழைத்தாள். கருவிதான் மேகம் மறைத்தால் ஊமையாகிவிடும்.

வெயிலை நம்பாத விளக்கு வேண்டும். சிமிட்டுவதே கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அது அணைந்து எரியவும் வேண்டும். குண்டு பல்புக்கு அது முடியாது, சூடான இழை உடனே ஆறாது. 1990களில் ஜப்பானின் நிச்சியா நிறுவனம் நீல எல்.இ.டி.யையும், அதிலிருந்து வெள்ளை எல்.இ.டி.யையும் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகே வழி திறந்தது. அறைக்கு வெளிச்சம் தரும் விளக்கே தகவலும் அனுப்பட்டும் என்று 2000 வாக்கில் கெய்யோ பல்கலைக்கழகத்தின் நகாகவா குழு ஆய்வைத் தொடங்கியது.

சிக்கல் விளக்குக்குள்ளேயே இருந்தது. வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல விளக்கு. மேலே பூசிய பாஸ்பர் தரும் மஞ்சள் ஒளி கலந்துதான் வெள்ளை. நீலம் சட்டென அணையும், பாஸ்பர் சற்றே தாமதித்து மங்கும். கோயில் மணியை அடுத்தடுத்து அடித்தால் முதல் அடியின் ரீங்காரம் அடுத்ததோடு கலப்பதுபோல, எரிவதைக் குறிக்கும் 1-உம் அணைவதைக் குறிக்கும் 0-வும் குழம்பின. சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விளக்கு ஈடுகொடுக்கவில்லை.

முதல் வைத்தியம் எளிது: வாங்கும் முனையில் நீல வடிகட்டி. மஞ்சளை அப்படியே விட்டுவிட்டு நீலத்தை மட்டும் படிப்பது. வெளிச்சத்தில் பெரும்பங்கு வீணாகும், ஆனால் வேகம் கூடும். அதோடு, விளக்கு மழுங்கடித்த உயர் அதிர்வெண்களைத் தூக்கிவிடும் ஒரு சாதாரணச் சுற்றையும் ஆக்ஸ்ஃபோர்டு குழு சேர்த்தது. 2009இல் நொடிக்கு 100 மெகாபிட் கிடைத்தது, அதுவும் வெறும் அணைத்து-ஏற்றும் முறையில். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பாகங்கள் மலிவு, புத்தி அதிகம்.

அடுத்து, தகவலைப் பல அதிர்வெண்களில் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். இப்படிக் கலந்த சமிக்ஞை பூஜ்யத்துக்குக் கீழும் போகும், வெளிச்சத்துக்கோ மைனஸ் கிடையாது. ஆகவே விளக்கை ஒரு நடுத்தர அளவில் எரியவிட்டு அதற்கு மேலும் கீழுமாக அசைத்தார்கள். 2010இல் பெர்லின் ஆய்வாளர்கள் 500 மெகாபிட்டைத் தாண்டினார்கள். மறு ஆண்டு எடின்பரோவில் ஒரு மேடையில் ஆய்வாளர் ஹரால்டு ஹாஸ், வீடியோவை அனுப்பிக்கொண்டிருந்த விளக்கைக் கையால் மறைக்க, ஓடிக்கொண்டிருந்த வீடியோ நின்றது. விளக்கொளியில் தகவல் அனுப்பும் இந்த முறைக்கு லைஃபை என்ற பெயர் அப்போதுதான் உலகைச் சுற்றியது. 2014இல் 50 மைக்ரோமீட்டர் நுண் எல்.இ.டி. ஒன்று 3 கிகாபிட்டை எட்டியது. அதில் பாஸ்பரே இல்லை. அறைக்கு அது விளக்கும் இல்லை.

2023இல் லைஃபைக்கென வந்த 802.11பிபி தரநிலை தேர்ந்தெடுத்தது 800 முதல் 1000 நானோமீட்டர் வரையான அலைகளை. அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது.