முக்காடு போட்ட புரோகிராம்கள்

சில வருஷங்களுக்கு முன், ஒரு மளிகைக் கடைக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். யாரும் காப்பி அடித்துவிடக் கூடாதே என்று, ‘பேக்கர்’ என்னும் கருவியால் அதைச் சுருட்டிக் கட்டி அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே கடைக்காரர் போன் செய்தார். “சார், உங்க புரோகிராமே வைரஸ்னு சொல்லி கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுடுச்சு! கூட்டம் நிக்குது, பில் போட முடியல.” எனக்குப் பேச்சே வரவில்லை. திருடனுக்குப் பயந்து பூட்டுப் போட்டேன். காவல்காரன் என்னையே திருடன் என்று பிடித்துவிட்டான். ஏன் இப்படி என்று தேடியபோது கிடைத்த சரித்திரத்தைத்தான் நண்பர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கோடை வேண்டுமென்றே குழப்பி வைப்பதற்கு ‘ஆப்ஃபஸ்கேஷன்’ என்று பெயர். புரோகிராம் செய்யும் வேலை மாறாது. பிரித்துப் படிப்பவருக்கு மட்டும் தலை சுற்றும்.

நம் பழைய செட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏசி லேபுக்குள் போய் பிளாப்பியைச் செருகப் போனால், “வைரஸ் செக் பண்ணியாச்சா?” என்று ஒரு குரல் வரும். அந்தப் பயத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவற்றில் ஒன்று, 1986-ல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள் எழுதிய ‘பிரெயின்’. தங்கள் மருத்துவ சாஃப்ட்வேரைத் திருட்டுக் காப்பியிலிருந்து காப்பாற்றவே எழுதினோம் என்றார்கள். பிளாப்பியின் பூட் செக்டாரில் அது உட்கார்ந்துகொள்ளும். யாராவது அந்த இடத்தைப் படிக்கப் போனால், வேறிடத்தில் பத்திரப்படுத்திய நல்ல பூட் செக்டாரை எடுத்துக் காட்டிவிடும்! ஆக, பாதுகாப்பும் வைரஸும் மறைத்தலும் ஆரம்பத்திலேயே ஒரே வீட்டில் குடியிருந்திருக்கின்றன.

அந்நாளைய வைரஸ் ஸ்கேனர்கள் எளிய வழியில் வேலை செய்தன. ஒவ்வொரு வைரஸிலும் சில பைட்டுகளை அங்க அடையாளமாகக் குறித்து வைத்துக்கொண்டு, அதே வரிசை எந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடும். திரையில் எழுத்துகளைப் பொலபொலவென்று உதிரச் செய்த ‘காஸ்கேட்’ வைரஸ், 1987 வாக்கில் தன் உடலை என்கிரிப்ட் செய்துகொண்டு வந்தது. ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கும் சிறு பகுதி மட்டும் மாறாமல் இருந்ததால், ஸ்கேனர்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

1990-ல் அமெரிக்காவில் மார்க் வாஷ்பர்ன் எழுதிய ‘1260’ வைரஸ் அந்தப் பிடியையும் விடுவித்துக்கொண்டது. திறக்கும் பகுதிக்குள்ளேயே வெட்டிக் கட்டளைகளைச் செருகி, வரிசையையும் மாற்றி, ஒவ்வொரு முறையும் புது முகத்தோடு வந்தது. அடுத்து பல்கேரியாவிலிருந்து ‘டார்க் அவெஞ்சர்’ என்ற புனைபெயர்க்காரர் இந்த வித்தையை ஒரு எஞ்சினாகவே செய்து, மற்ற வைரஸ்காரர்களும் தங்கள் வைரஸோடு சேர்த்துக்கொள்ளும்படி வெளியிட்டார். அங்க அடையாளம் பார்த்துப் பிடிக்கும் காலம் அத்தோடு ஆட்டம் கண்டது.

காவல்காரர்கள் என்ன செய்தார்கள்? சந்தேகப்பட்ட ஃபைலை ஒரு போலி கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டார்கள். ‘எமுலேஷன்’ என்பது இதுதான். எத்தனை முக்காடு போட்டாலும், வேலை செய்ய வேண்டுமானால் ஒரு கட்டத்தில் அதை விலக்கித்தானே ஆக வேண்டும்? விலக்கிய நொடியில் முகத்தைப் பார்த்துவிடலாம்.

இதே காலத்தில் நேர்மையான சாஃப்ட்வேர்காரர்களுக்கும் தலைவலி வந்தது. 1995-ல் வந்த ஜாவாவில், கம்பைல் செய்த பிறகும் பெயர்கள் உட்பட நிறைய விவரங்கள் ஃபைலிலேயே தங்கிவிடும். 1996-ல் ஹான்பீட்டர் வான் வ்லீட் என்பவர் ‘மோக்கா’ என்ற டீகம்பைலரை வெளியிட்டார்; ஸோர்ஸ் கோட் அப்படியே கையில் வந்து விழுந்தது! கூச்சல் எழுந்தது. அதைத் தடுக்க ‘கிரீமா’ என்ற குழப்பும் கருவியைத் தந்தவரும் அவரேதான்.

1997-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் கோல்பர்க், தாம்போர்சன், லோ என்ற மூவர் இந்த வித்தைகளை வகைப்படுத்தி ஒரு அறிக்கை எழுதினார்கள். அவர்கள் விவரித்த தந்திரங்களில் ஒன்றை நம் கணக்குப் பாடத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு முழு எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கினால், விடை எப்போதும் இரட்டைப்படைதான். ‘விடை ஒற்றைப்படையானால் இந்தப் பக்கம் போ’ என்று எழுதி, அந்தப் பக்கத்தில் நூறு வரி உளறலை வைத்துவிட்டால்? புரோகிராம் அங்கே போகவே போகாது. படிப்பவர்தான் போய் மாட்டிக்கொள்வார்.

அப்படியானால் உடைக்கவே முடியாத முக்காடு உண்டா? 2001-ல் பராக் உள்ளிட்ட 7 ஆராய்ச்சியாளர்கள், எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் ஒன்றுமே தெரியாதபடி மூடிவிடும் பொதுவான கருவி இருக்கவே முடியாது என்று நிரூபித்தார்கள். அதைவிடக் குறைவாக வாக்குறுதி தரும் ஒருவகை மறைப்புக்கு 2013-லும் 2020-லும் கணித வழிகள் கிடைத்தன. ஆனால் நம் பில்லிங் புரோகிராமுக்கெல்லாம் அது ஆகாது; அவ்வளவு மெதுவானது.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் பயன்படுத்திய பேக்கரை வைரஸ்காரர்களும் கொண்டாடினார்கள். அதனால் அந்தக் கட்டைப் பார்த்தாலே காவல்காரனுக்குச் சந்தேகம். கட்டை அவிழ்த்து, வெறும் புரோகிராமை அனுப்பினேன். மாலைக்குள் கடையில் பில் ஓடியது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. குழப்பி எழுதினால் திருடன் தாமதமாக வருவான். வராமல் இருக்க மாட்டான். ஆகவே பாஸ்வேர்டையோ சாவியையோ புரோகிராமுக்குள் ஒளித்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். மூடி அனுப்புவதானால், வாடிக்கையாளருக்குப் போகும் முன் நாலைந்து ஆன்ட்டிவைரஸில் போட்டுப் பாருங்கள். முக்கியமாக, உங்களுக்குப் பிறகு அந்த சீட்டில் உட்காரப் போகிறவருக்காக, குழப்பாத ஸோர்ஸ் கோடை ஒரு பிரதி பத்திரமாக வைத்திருங்கள். ஊருக்கு முக்காடு போடலாம், வீட்டுக்குள்ளுமா போட்டுக்கொள்வது?