சிற்றுயிர் மேக்ரோ படப்பிடிப்பு: புஞ்சாக் ஆலாம் வட்டாரம்

சிலந்தி, எறும்பு, வண்டு போன்ற சிற்றுயிர்களின் பிம்பம் கேமராவின் உணரியில் அவற்றின் உண்மை அளவைவிடப் பெரிதாக விழும்படி எடுக்கும் முறை உயர் உருப்பெருக்க மேக்ரோ படப்பிடிப்பு ஆகும். 1:1 வரை சாதாரண மேக்ரோ என்பர். அதைத் தாண்டியது இவ்வகை. மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த புஞ்சாக் ஆலாமில் செம்பனைத் தோட்டங்களும் புக்கிட் செராக்கா காடும் வீடமைப்புப் பகுதிகளை ஒட்டியே இருப்பதால், தொடங்குவோர் தொலைவு செல்லாமல் பழகலாம்.

உருப்பெருக்கமும் கருவிகளும்

முழுச்சட்ட உணரியின் அளவு 36×24 மி.மீ. 5 மடங்கு உருப்பெருக்கத்தில் அதில் அடங்கும் பரப்பு 7.2×4.8 மி.மீ. மட்டுமே. கேனன் 1999இல் வெளியிட்ட எம்பி-இ 65 மி.மீ. லென்ஸ் 1 முதல் 5 மடங்கு வரை பெரிதாக்கும். லாவா 25 மி.மீ. லென்ஸின் வீச்சு 2.5 முதல் 5 மடங்கு.

செலவைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 50 மி.மீ. நீட்சிக் குழாய் பொருத்தினால் 1:1 கிடைக்கும். அகலக்கோண லென்ஸை வளையம் ஒன்றின் உதவியால் முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் 2, 3 மடங்கு எளிதில் கிடைக்கும். கையிலுள்ள மேக்ரோ லென்ஸின் முன் ரேனாக்ஸ் டிசிஆர்-250 போன்ற துணை லென்ஸைக் கவ்வவிடுவது மூன்றாவது வழி.

குவிய ஆழமும் ஒளியும்

5 மடங்கில் எஃப்/2.8 துளையில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 0.05 மி.மீ. துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் 5 மடங்கில் எஃப்/8 என்பது செயலளவில் எஃப்/48 ஆகிவிடுவதால், ஒளியின் விளிம்பு விலகலால் படம் மழுங்கும். ஒளியும் போதாது. ஆகவே பிளாஷ் இன்றியமையாதது. அதன் கணநேர வெளிச்சமே கை நடுக்கத்தையும் உறையச் செய்கிறது.

பிளாஷுக்கு முன் வெண்ணிறத் தாளோ மெல்லிய பிளாஸ்டிக்கோ கொண்டு ஒளிபரப்பி அமைக்க வேண்டும். அது சரியாக உள்ளதா என்பதைக் குதிக்கும் சிலந்தியின் முன்கண்களே காட்டிவிடும். வெறும் பிளாஷ் அவற்றில் சுள்ளென்ற வெள்ளைப் புள்ளியாகவும், அகன்ற ஒளிபரப்பி மென்மையான பிறையாகவும் பிரதிபலிக்கும். இக்கண்களின் லென்ஸ் அசையாது; உள்ளிருக்கும் விழித்திரையே அசையும். அதனால் அடுத்தடுத்த படங்களில் கண்ணின் நிறம் மாறித் தெரியும்.

குவியத்தைச் சரிசெய்ய லென்ஸ் வளையத்தைத் திருகுவதைவிட உடலை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துவது நல்லது. இடக்கையால் தண்டைப் பிடித்து, அக்கையின் மீதே லென்ஸைச் சாய்த்தால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். இவ்வாறு சிறு சிறு இடைவெளியில் எடுத்த பல படங்களை ஹெலிகன் ஃபோக்கஸ், ஸெரீன் ஸ்டேக்கர் போன்ற மென்பொருள்களால் ஒன்றாக்குவது குவிய அடுக்கல். ஒளிப்படக் கலைஞர் லெவான் பிஸ் 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்த பூச்சிப் படங்கள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான படங்களின் அடுக்கு. அவற்றில் இருப்பவை பாடம் செய்த மாதிரிகள். உயிருள்ள சிலந்திக்குப் பத்துப் பதினைந்து படம் கிடைத்தாலே பெரிது.

வட்டாரத்து உயிரினங்கள்

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இம்மாவட்டத்தின் தென்னமாரத்தில் தொடங்கப்பட்டது. செம்பனையின் ஆண் பூங்கொத்தில் மொய்க்கும் எலைடோபியஸ் கேமரூனிகஸ் கூன்வண்டு 1981இல் கேமரூனிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தொழிலாளர்கள் கையால் செய்துவந்த மகரந்தச் சேர்க்கை வேலை அதன்பின் தேவையற்றதாயிற்று. சுமார் 3 மி.மீ. நீளமுள்ள இவ்வண்டு 5 மடங்கில் சட்டத்தின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிரப்பும்.

செம்பனை இலைகளைத் தின்னும் பைப்புழுக்களை உண்ணும் வேட்டைப் பூச்சிகளை ஈர்ப்பதற்காகத் தோட்டப் பாதையோரங்களில் டர்னேரா, கொடிரோஜா போன்ற பூச்செடிகள் வளர்க்கப்படுகின்றன. படமெடுப்போர் தேட வேண்டிய இடமும் இதுவே. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பின் அருகே, அதே சாயலில் மிர்மபிளாட்டா பிளாட்டலியாய்டஸ் என்ற குதிக்கும் சிலந்தி திரியும். முன்கால்களை உணர்கொம்புபோல் தூக்கி ஆட்டும். கால்களை எண்ணினால் எட்டு; ஆணின் தாடைகளோ முன்னோக்கி நீண்டிருக்கும். எறும்புகளிடம் அகப்பட்டால் கடிபடும் என்பதால் அவற்றை விட்டு விலகியே நடக்கும்.

நேரமும் நடைமுறையும்

குளிரில் பூச்சிகள் விறைத்திருக்கும் என்பதால் விடியலில் எடுக்கச் சொல்வது குளிர்நாட்டு வழக்கம். சிலாங்கூர்த் தாழ்நில இரவுகள் அவ்வளவு குளிர்வதில்லை. இங்கு கைகொடுப்பது பூச்சிகளின் உறக்கமே: நீலவரித் தேனீக்கள் மாலையில் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்வியபடி தூங்கும்.

தோட்டங்களுக்கு நிர்வாகத்தின் அனுமதியும் காப்புக்காட்டுக்கு வனத்துறையின் அனுமதியும் பெற வேண்டும். செம்பனை மட்டைக் குவியல்களில் நாகம் இருக்கக்கூடும். நீளக் காலணி அவசியம். இதே மாவட்டத்தின் கம்போங் குவாந்தானில் மின்மினிகளை நோக்கிப் பிளாஷ் அடிப்பதற்குத் தடை உண்டு. குளிரூட்டிய காரிலிருந்து எடுத்ததும் லென்ஸில் ஆவி படியும் என்பதால் சற்றுப் பொறுத்தே தொடங்க வேண்டும். லென்ஸில் பூஞ்சை பிடிக்காதிருக்க ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட பெட்டி உதவும்.

பதிவு

நாள், இடம், செடியின் பெயர் ஆகியவற்றைக் குறித்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் படம் ஆய்வுக்கும் பயன்படும். பல சிலந்தி இனங்களைப் பிரித்தறிய ஆணின் உணர்கால் நுனியையும் பெண்ணின் அடிவயிற்று உறுப்பையும் பார்க்க வேண்டியிருப்பதால், முகத்தோடு நிறுத்தாமல் மேற்புறம், பக்கவாட்டு, இயன்றால் அடிப்புறப் படங்களையும் சேர்ப்பது வழக்கம்.