இரு தலைநகரும் ஒரு பாலமும்

சுங்கை பூலோவிலிருந்து கோலாலம்பூர் சென்று, விரைவுப் பேருந்து ஏறினால் சிங்கப்பூரை அடைகிறோம். தொலைவு சுமார் 350 கிலோமீட்டர். இரண்டும் இன்று இரு நாட்டுத் தலைநகரங்கள்.

நாம் கடக்கும் ஜொகூர் பாலம், நீரிணையில் கல் கொட்டி எழுப்பியது. 1924-இல் முறையாகத் திறக்கப்பட்டது. 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதில் ஒரு பகுதியைத் தகர்த்தது. ஜப்பானியர் செப்பனிட்டனர்.

1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. 1967-இல் பாலத்தில் குடிநுழைவுச் சோதனை வந்தது. அண்ணன் இங்கும் தங்கை அங்குமாக வாழ்ந்த குடும்பங்களுக்குக் கடப்பிதழ் தேவைப்பட்டது. குடியுரிமையின்றிச் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர்க்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது.

1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்து பயண நேரம் குறைந்தது. ஆனால் பத்திரமில்லாதவருக்குப் பக்கத்து ஊரும் தூரமே. நம் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தைக் காலத்தில் எடுத்துவைப்போம்.