கண்டித் தபாலும் அரிய கடித உறைகளும்

முத்திரை சேர்ப்போர் இருவர் ஓரிடத்திற் கூடினால், சிறிது நேரத்துள் அவர் பேச்சில் இலங்கையின் நான்கு பென்ஸ் முத்திரை வந்து புகுந்துவிடும். 1859ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 23ஆம் திகதி வெளியான மங்கிய ரோசா நிற முத்திரை அது. எண்கோண வடிவினது, ஓரத்தில் துளையிடப்படாதது, விக்டோரியா மகாராணியின் தலையுருவைத் தாங்கியது. உபயோகியாத நிலையில், நாற்புறமும் ஓரங் குறையாது கிடைக்கும் ஒன்றுக்கு இலண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் விலைப்பட்டியல் 60,000 பவுணுக்கு மேல் விலை குறித்ததுண்டு. தபாற்குறி விழுந்த பிரதிக்கோ அதிற் பத்தில் ஒரு பங்குதானும் குறிக்கப்படவில்லை.

இவ்வேறுபாட்டைச் சரித்திர மாணவன் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கடிதமொன்றைச் சுமந்து கடல் கடந்து, தன் கடமையைச் செய்து முடித்த முத்திரை மலிவு. தொழில் யாதுஞ் செய்யாது பசையுடன் இருந்த முத்திரை அருமை. சேர்ப்போர் நோக்கில் இது நியாயமே. அவர் தேடுவது எண்ணிக்கையிற் குறைந்ததை. சரித்திர நோக்கில் நிலைமை முற்றும் மாறிவிடுகின்றது. தனித்து நிற்கும் முத்திரை ஆண்டவர் யார், விலை என்ன என்பவற்றுக்கு அப்பால் அதிகம் பேசாது. அது ஒட்டப்பெற்ற உறையோ, எழுதியவர் எவ்வூரினர், எந்நாளில் எழுதினார், எவருக்கு எழுதினார், எவ்வழியாக அனுப்பினார், அதற்கு எவ்வளவு கொடுத்தார் என்பனவெல்லாவற்றையும் ஒரு சாண் அகலக் காகிதத்திற் சொல்லிவிடும். ஆதலின் இக்கட்டுரை முத்திரையினும் உறையையே பெரிதும் பேசும். அதிலும் கண்டி நகரிலிருந்தும் அதனைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களிலிருந்தும் சென்ற உறைகளையும், அங்கு வந்துசேர்ந்த உறைகளையும் பற்றியே பேசும்.

1815ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகியபோது, கொழும்பிலிருந்து இம்மலைநகருக்குச் சக்கரம் உருளத்தக்க பாதை இருக்கவில்லை. காடும் கணவாயுமே கண்டி மன்னரின் அரண்களாக நெடுங்காலம் இருந்தன. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்திலேயே அவ்வரண் பிளக்கப்பட்டது. பாதை வகுத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவைக் கணவாயில் இன்றும் நிற்கின்றது. 1832இற் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டு பேராதனையில் மகாவலி கங்கைக்கு மேலாக முதிரை மரத்தினால் ஒற்றை வளைவுப் பாலம் அமைந்தது. ஆணியின்றிப் பொருத்தப்பட்டதென எல்லோரும் வியந்த அம்மரப்பாலம் 1905இல் இரும்புப் பாலத்துக்கு இடம் விட்டது. படையை நடத்துவதற்கென வெட்டிய பாதை, பதினைந்து இருபது ஆண்டுகளுட் கோப்பிக் கணக்கைச் சுமக்கும் பாதையாயிற்று என்பதே நமக்கு வேண்டுவது.

கண்டியைச் சூழ்ந்த காடுகளை அழித்துக் கோப்பி பயிரிட்ட துரைமாருக்குத் தபால் என்பது உயிர்நாடி. இலண்டனில் விலை ஏறியதா இறங்கியதா என்ற செய்தியே அவர் வாழ்வையுந் தாழ்வையுந் தீர்மானித்தது. செய்திப் பசி அக்காலத்தில் எத்தகையதென்பதற்கு ஒன்று கூறலாம். ஐரோப்பியத் தபாற் கப்பல்கள் அன்று கொழும்புக்கு வருவதில்லை. காலித் துறைமுகத்திலேயே தங்கும். அங்கு இறங்கிய செய்தியைக் கொழும்புக்கு விரைவிற் சேர்ப்பதற்காக 'ஒப்சேவர்' பத்திரிகையார் 1850 முதற் புறாக்களைப் பறக்கவிட்டனர். தந்திக் கம்பி வரும் வரை அப்புறாக்களே தோட்டச் சொந்தக்காரரின் இதயத்துடிப்பை ஏற்றியும் இறக்கியும் வைத்தன எனலாம். தோட்டக்காரர் சங்கமும் 1854இற் கண்டி நகரிலேயே பிறந்தது.

இந்நிலையில், 1857ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாந் திகதி இலங்கையின் முதல் முத்திரை வெளிவந்தது. இங்கிலாந்தின் முதல் முத்திரை தோன்றிப் பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. இலண்டன் பெர்க்கின்ஸ் பேக்கன் அச்சகத்தார் நீலம் படிந்த தாளில், ஊதா கலந்த கபில நிறத்தில் அச்சிட்ட ஆறு பென்ஸ் முத்திரை அது. முதல் முத்திரை உள்ளூர்க் கடிதத்துக்குரிய ஒரு பென்னியாக அன்றி ஆறு பென்ஸாக அமைந்தமை கருத்தூன்றத்தக்கது. அரையவுன்சு நிறையுள்ள கடிதத்தை இங்கிலாந்துக்கு அனுப்புங் கட்டணம் ஆறு பென்ஸ். அரசினர் எவருடைய தேவையை முதற்கண் நினைத்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஒரு பென்னி முத்திரை பின்னரே வந்தது.

அவ்வாண்டிலே கண்டியில் ஒரு துரை எழுதிய கடிதத்தின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். குதிரை வண்டியிற் கடுகண்ணாவை இறங்கிக் கொழும்பு சேரும். அங்கிருந்து கரையோரப் பாதையாற் காலிக்குப் போகும். காலியிற் கப்பலேறிச் சுயெஸ் செல்லும். கால்வாய் 1869இலேயே திறக்கப்பட்டது. ஆதலின் எகிப்தைத் தரைவழியே கடந்து அலெக்சாந்திரியாவில் மறுபடியும் கப்பலேறும். அதன்பின் வழி இரண்டு. கடலாலேயே சௌதாம்ப்டன் போவது ஒன்று. மார்செய்யில் இறங்கிப் பிரான்சைக் குறுக்கே கடப்பது மற்றொன்று. பின்னையது விரைவானது, செலவும் மிக்கது. ஆகவே உறையின் மேல் எவ்வழி என்று எழுதுவது வழக்கமாயிற்று. விலை வீழ்ச்சிக்கு அஞ்சியவன் மார்செய் வழியையும், வீட்டுநலம் விசாரித்தவன் மற்றையதையும் நாடியிருப்பான் என்று நாம் ஊகிப்பதிற் பெருந்தவறில்லை. 1867இற் புகையிரதம் கண்டியை அடைந்ததும் குதிரை வண்டியின் காலம் முடிந்தது.

இத்தகைய உறைகள் இன்று எவ்வாறு கிடைக்கின்றன? அருமைக்கு மூலகாரணம் இங்கேதான் இருக்கின்றது. ஒரு பொருள் அரிதாவது குறைவாக அச்சிடப்பட்டமையால் மட்டுமன்று. பேணுவார் இன்மையாலும் அரிதாகும். இங்கிலாந்தின் வியாபாரக் கழகங்கள் தமக்கு வந்த கடிதங்களை உறையுடன் கட்டிக் காத்தன. கடன், வழக்கு, கணக்கு என்பவற்றுக்காகக் காத்தனவே அன்றிச் சரித்திரத்துக்காக அல்ல. மொரீசியசுத் தீவில் 1847இல் வெளியான இருவகை முத்திரைகளையும் ஒருங்கே தாங்கி, போர்தோ நகரத்து வைன் வியாபாரிகளுக்குச் சென்ற உறையொன்று உண்டு. உலகில் அதனினும் விருப்பத்துக்குரிய உறை இல்லையென்பர். அதனையுங் காத்தது வியாபாரக் கோப்பே. மறுபுறத்தில், பிரித்தானிய கயானாவின் 1856ஆம் ஆண்டு ஒரு சத முத்திரையை எடுத்துக்கொள்வோம். அதனை 1873இற் பழைய கடிதங்களிடையே கண்டெடுத்தவன் ஒரு பள்ளிச் சிறுவன். ஆறு ஷிலிங்குக்கு விற்றுவிட்டான். 2014இல் அது ஏறக்குறைய 95 இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. முத்திரை எஞ்சிற்று, அது வந்த உறை எஞ்சவில்லை. உலகில் ஒன்றேயான அத்துண்டு எவர் கடிதத்தைச் சுமந்ததென்று இனி எவரும் அறியார்.

நான்கு பென்ஸ் முத்திரைக்கு மீள்வோம். இதிற் செய்யப்படும் வஞ்சனைகள் பல. எண்கோண வடிவின் அழகில் மயங்கி, அக்காலத்தார் சிலர் அவ்வடிவையே பின்பற்றிக் கத்தரியால் மூலைகளை வெட்டிவிட்டனர். வெட்டியவற்றின் மதிப்பு மிகக் குறைவு. பின்னர் துளையிட்டு வெளியான அதே படத்தின் ஓரத்தை நறுக்கித் துளையற்றதென விற்பாரும் உளர். மாதிரிக்காக அச்சிட்ட பிரதிகளில் நீரெழுத்தை, அதாவது வெளிச்சத்திற் பிடித்தால் தெரியும் நட்சத்திரக் குறியை, பொய்யாக ஏற்றி விற்றோரும் இருந்தனர். ஆகவே ஓரம் அகன்றிருத்தலும் நீரெழுத்துத் தெளிந்திருத்தலும் முதலிற் பார்க்கத்தக்கன. இவற்றுக்கெல்லாம் மேலான காப்பு, முத்திரை தன் உறையிலேயே நிற்பதும், தபாற்குறி பாதி முத்திரையிலும் பாதி உறையிலுமாக விழுந்திருப்பதுமே. தனித்த முத்திரைக்கு அத்தகைய சாட்சி இல்லை.

பிற்காலத்து அருமைகளை விரைந்து சொல்லிவிடலாம். 1872இல் ரூபாவுஞ் சதமும் வழக்குக்கு வந்தன. 1885இற் பழைய முத்திரைகள் மீது புது விலையை மேலச்சிட நேர்ந்தபோது சில தலைகீழாக விழுந்தன. அவற்றைத் தேடுவோர் பலர். 1900 முதல் 1902 வரை தியத்தலாவையிற் சிறைவைக்கப்பட்ட போவர் போர்க்கைதிகளின் கடித உறைகள், தணிக்கைக் குறியுடன் கிடைப்பவை, ஏலங்களில் நல்ல விலை பெறுகின்றன. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தலைமைத் தானத்தைப் பேராதனைக்கு மாற்றியபின் அங்கிருந்து சென்ற படைத்தபாலையும் தேடிச் சேர்க்கின்றனர். தலதா மாளிகையோ 1935ஆம் ஆண்டு 25 சத முத்திரையிலேயே இடம்பெற்றுவிட்டது.

தமிழாசிரியர்க்கு உவப்பான ஒன்றை மட்டும் விட்டுச்செல்ல மனமில்லை. வெசாக் ஓர்க்கிட் மலரைத் தாங்கிய 35 சத முத்திரையில், தமிழ் வாசகத்தின் இரண்டாம் வரியில் மூன்றாம் எழுத்துக்குப் புள்ளி இல்லை. 1954இற் புள்ளியிட்டு மறுபடி அச்சிட்டனர். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியர் விதித்ததை நாம் வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் மாணவர் செவியில் ஏறுவதில்லை. இலண்டன் விலைப்பட்டியலோ அப்புள்ளியை வைத்தே அம்முத்திரையை இரு வகையாகப் பிரித்து எண்ணிட்டுள்ளது! பட்டியலொன்றில் இலக்கணத்துக்குக் கிடைத்த மரியாதையாக இதனைக் கொள்ளலாம்.

இனி, எப்பட்டியலிலும் எண்ணிடப்படாத உறைகளுக்கு வருவோம்.

துரையின் கடிதம் கடுகண்ணாவை இறங்கிய அதே காலத்தில், மன்னாரிற் கரையேறி, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாய்க் கண்டிமலைக்கு வந்தோர் ஆயிரமாயிரவர். திருச்சி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து புறப்பட்டு, வழியிற் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையாகாது எஞ்சியோரே தோட்டம் சேர்ந்தனர். அவருட் பெரும்பாலார் எழுத்தறியார். பின்னாளில் ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியபோது கணக்கப்பிள்ளையையோ படித்த பையனையோ நாடினர். ஊரிலிருந்து வந்த கடிதத்தையும் பிறர் வாசிக்கவே கேட்டனர். தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கிய பெயர் வேறொன்று. உறையின் மேல் இருந்தது பெரும்பாலும் பின்னையதே. தப்பால் பையைத் தோளிற் கொண்டு மலையேறியவன் இரு பெயர்களையும் அறிந்திருந்தமையாற்றான் அக்கடிதங்கள் லயத்துக்கு வந்துசேர்ந்தன.

இவ்வுறைகள் எங்கே? லயத்து ஒற்றையறையில் அடுப்பும் அங்கேயே, படுக்கையும் அங்கேயே, கூரை ஒழுகும், கோப்புக் கட்டி வைக்க இடமேது? வாசித்த கடிதம் கூரையிற் சிலநாட் செருகியிருந்து, பின் அடுப்புக்குப் போயிற்று. ஆங்கில வியாபாரியின் உறை நூற்றுக்கணக்கில் எஞ்சியிருக்க, தோட்டத் தொழிலாளியின் உறை காண்பதற்கரிதாகியமை இவ்வாறே. அச்சிட்ட தொகையை மட்டும் எண்ணுவோர் இவ்வருமையை அறியார்.

இதனை வெறும் ஆராய்ச்சி வேட்கையாற் சொல்கிறேனல்லேன். 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் விவாகமானோர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வசித்தமையை நிரூபிக்குமாறு கேட்டது. இங்கே பிறந்து இங்கேயே கொழுந்து பறித்தவர் பலர், எழுத்துச் சான்று இன்மையால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றிற்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அவ்வழக்கு ஒருவாறு ஓய்ந்தது. இந்தியாவிலிருந்து வந்த உறையின் முகப்பில் அனுப்பிய ஊரின் குறியும், முதுகிற் கண்டிப் பகுதித் தபாற் கந்தோரின் வந்துசேர்ந்த திகதியும் இருக்கும். இன்னார் இத்திகதியில் இத்தோட்டத்தில் இருந்தார் என்று, கேளாமலே ஓர் அரசாங்கக் கந்தோர் இட்ட கையொப்பமல்லவா அது?

எனது பாட்டனார் இதனை உணர்ந்திருந்தார் போலும். துறையூர்ப் பக்கத்திலிருந்து தமையனார் அனுப்பிய உறைகளை ஒரு தகரப் பெட்டியிற் சணல்கட்டி வைத்திருந்தார். அவர் மறைந்தபின் பெட்டி என் கைக்கு வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. வகுப்பிலே முத்திரைச் சேகரிப்பு ஒரு தொற்றுநோயாகப் பரவியிருந்தது. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த இந்திய முத்திரைகளை உறையின் மூலையோடு கிழித்து, கோப்பையில் நீரூற்றி ஊறவைத்து, பழைய கொப்பியில் உலர்த்தினேன். மூலையைக் கிழித்தபோது அதன் பின்புறத்தில் இருந்த கண்டிக் குறியுங் கூடவே போயிற்று என்பதை அன்று நான் திருப்பிப் பார்க்கவில்லை. முத்திரைகளிற் பலவற்றை முக்கோண வடிவான ஒரு ஹங்கேரி முத்திரைக்காக நண்பனொருவனுக்குக் கொடுத்தேன். இரண்டு பைசாவும் பெறாதவை இரண்டும்.

அப்பெட்டியிலிருந்து ஓர் உறை மட்டும் இன்று என்னிடம் உண்டு. முன்புறத்திற் பாட்டனாரின் பெயரும், தோட்டத்தின் தமிழ்ப் பெயரும், 'கண்டி டிஸ்திரிக்' என்ற சொற்களும் மைமங்கி நிற்கின்றன. வலப்பக்க மூலை இல்லை. பின்புறம் திருப்பினால் வட்டக் குறியின் ஒரு பாதி தெரியும். அதில் நாளும் மாதமும் வாசிக்கலாம். ஆண்டு, கிழித்த பாதியில் இருந்தது.