சூரிச் மன்றத்தின் ரகசியத் தாள்

நண்பர்களே, இந்த வாரம் நம்ம ஊர்க் கதையை விட்டுக் கொஞ்சம் தூரம் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொலேழில் கடைசி வருஷம் எங்களுக்குத் தத்துவப் பாடம் உண்டு. பிராய்டைப் பற்றி எங்கள் முசியே மணிக்கணக்கில் பேசுவார். அவருடைய சீடராக இருந்து பிரிந்துபோன சுவிட்சர்லாந்துக்காரர் கார்ல் குஸ்தாவ் யுங்குக்கு இரண்டு வரிதான். அந்த இரண்டு வரியில் ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் அவன் பார்க்க விரும்பாத ஒரு 'நிழல்' இருக்கிறது என்று யுங் சொன்னார் என்பதே அது. பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு அவரைப் பற்றி ஆற அமரப் படித்தேன். அவருடைய தத்துவத்தைவிட, அவர் பெயரில் உண்டான சங்கங்களின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கோப்புகளோடு காலம் தள்ளியவன் புத்தி அப்படி.

1916-ல் சூரிச் நகரில் 'உளவியல் மன்றம்' தொடங்கினார்கள். பணம் கொடுத்தவர் அமெரிக்காவின் ராக்பெல்லர் குடும்பத்துப் பெண்மணி. முதல் தலைவர் யுங்கின் மனைவி எம்மா. சொற்பொழிவு, விவாதம், விருந்து என்று நடந்த அந்த மன்றம்தான் பின்னால் வந்த எல்லா யுங் சங்கங்களுக்கும் தாய்வீடு.

1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். அதே ஆண்டு யுங் ஒரு மருத்துவர் சங்கத்துக்குத் தலைவரானார். அதன் ஜெர்மன் பிரிவு நாஜி அமைச்சர் கோரிங்கின் உறவினர் கையில் இருந்தது. யூத மனம், ஜெர்மானிய மனம் என்று பிரித்து யுங் அப்போது எழுதியது இன்றுவரை அவரை விடாமல் துரத்துகிறது. மறுபக்கமும் உண்டு. ஜெர்மன் பிரிவில் இடமில்லாத யூத மருத்துவர்கள் சர்வதேசச் சங்கத்தில் நேரடி உறுப்பினராகலாம் என்று 1934-ல் விதி செய்ததும் அவர் தலைமையில்தான்.

அவருடைய யூத மாணவர்கள் பெர்லினை விட்டுச் சிதறினார்கள். எரிக் நாய்மன் டெல் அவீவ் போனார். கெர்ஹார்ட் ஆட்லர் லண்டன் போனார். ஜேம்ஸ் கிர்ஷ் டெல் அவீவ், லண்டன் என்று அலைந்து 1940-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் சேர்ந்தார். போன இடத்தில் எல்லாம் யுங்கின் படிப்பை வேரூன்ற வைத்தவர்கள் இவர்கள். உயிர் பிழைக்க ஓடியவர்கள்தான் அந்தச் சங்கங்களை உலகம் முழுக்க நட்டார்கள்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். 1944 டிசம்பர். பாரிஸ் விடுதலையாகி மூன்று மாதம் கடந்திருந்தது. சூரிச் மன்றத்தின் நிர்வாகக் குழு தன் விதிகளோடு ரகசியமாக ஒரு இணைப்பைச் சேர்த்தது. யூதர்கள் உறுப்பினரில் நூற்றுக்குப் 10 பேருக்கும், விருந்தினரில் 25 பேருக்கும் மேல் போகக்கூடாதாம். குழுவினர் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தார்கள்.

அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். வெளியே ஒட்டும் விதி ஒன்று, கோப்புக்குள் இருக்கும் இணைப்பு ஒன்று. எந்த ஆள் எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டான் என்பது அந்த இணைப்பில்தான் இருக்கும். தள்ளப்பட்டவனுக்கு அது தெரியாது.

1950-ல் சீக்மண்ட் ஹுர்விட்ஸ் என்ற யூதப் பல் மருத்துவரை மன்றத்தில் சேரச் சொன்னபோது, அந்தக் கட்டுப்பாடு இருக்கும்வரை சேர மாட்டேன் என்றுவிட்டார். விதியை எடுத்தார்கள். எடுத்ததையும் வெளியே சொல்லவில்லை. 1955-ல் பல நாட்டுச் சங்கங்களையும் ஒன்றாக்கிப் பகுப்பாய்வு உளவியலுக்கான சர்வதேசச் சங்கம் சூரிச்சில் உருவானது. 1958-ல் முதல் மாநாடு. 1971-ல் அகதியாகப் போன ஆட்லரே அதற்குத் தலைவரானார். தாள் மட்டும் வெளியே வரவில்லை.

1989-ல்தான் வந்தது. வெளியே கொண்டுவந்தவர்கள் எதிரிகள் இல்லை, யுங் வழியில் வந்தவர்களே. அந்த வருஷம் நியூயார்க்கில் யுங் அமைப்பும் ஒரு யூத அமைப்பும் சேர்ந்து இதற்கென்றே கூட்டம் நடத்தின. பிறகு பாரிஸில் கூடிய சர்வதேச மாநாட்டிலும் யுங்கும் யூதர்களும் என்ற விஷயத்தை எடுத்துவைத்துப் பேசினார்கள். பிள்ளைகள் முன்னால் தகப்பன் குற்றத்தைப் படிப்பது போன்ற காரியம். அதே வருஷம் சர்வதேசச் சங்கத்தின் தலைமைக்கு வந்தவர் தாமஸ் கிர்ஷ். பெர்லினை விட்டு ஓடிய ஜேம்ஸ் கிர்ஷின் மகன்.

நிழலைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்களுக்குத் தங்கள் பீரோவுக்குள் கைவிட 45 வருஷம் பிடித்தது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் சர்வீஸில் நான் கட்டி வைத்த கோப்புகளில் இப்படி எத்தனை இணைப்புகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நூல் கோத்தேன் என்று இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.